இதுவரைக்கும் வரவில்லை

ஆரம்பாக்கம் ரயில் நிலையத்தில் காலைப் பாசஞ்சர் தாமதமாகும் நாட்களில், உடன் நிற்பவர்கள் என் சித்தப்பாவைச் சீண்டுவார்கள்.

“இன்னா சார், வண்டி வருமா வராதா?”

“இதுவரைக்கும் வரல” என்பார் அவர்.

கேட்டவர்கள் சிரிப்பார்கள். சித்தப்பா சிரிக்கமாட்டார். கைகாட்டி இறங்கி, தண்டவாளத்தின் கடைசியில் எஞ்சினின் முகம் தெரிந்த பிறகும், “வந்துக்கினு இருக்குது” என்பாரே ஒழிய, “வந்துடும்” என்று சொல்லி நான் கேட்டதில்லை. இனி நடக்கப்போவதைப் பற்றி அவர் வாயிலிருந்து ஒரு சொல்லும் வராது. மழை வருமா என்றால் மேகத்தின் நிறத்தைச் சொல்வார். உலையில் அரிசியைப் போட்டுவிட்டு அம்மா கிணற்றடிக்குப் போனால், திரும்பி வரும்வரை அடுப்பருகே நின்று, “இன்னும் வேகல அண்ணி” என்று அறிக்கை தருவார்.

“இவங்கிட்ட ஒரு கேள்வி கேட்டுட்டு பதில் வாங்கறதுக்குள்ள நாஷ்டா மதியச் சோறா ஆயிடும்” என்பார் அத்தை.

அத்தை, என் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் மூத்தவர். கணவரை இழந்து, பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்தவர். அவரும் சித்தப்பாவும் அம்மாவும் நானுமாக நான்கு பேர் இருந்தோம். சித்தப்பா மணம் செய்துகொள்ளவில்லை. அதைப் பற்றிக் கேட்டவர்களுக்கும், “இதுவரைக்கும் பண்ணல” என்பதே பதில்.

அப்பா இல்லை. நான் மூன்றாம் வகுப்பில் படித்தபோது, ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கும்மிடிப்பூண்டியில் தாம் வேலை பார்த்த இரும்புப் பட்டறைக்குப் போவதாகக் கிளம்பியவர் பட்டறைக்குப் போய்ச் சேரவில்லை. அவருடைய சைக்கிள் ரயில் நிலையத்துச் சைக்கிள் கொட்டகையில் பூட்டியபடியே இருந்தது. தெற்கே போகும் வண்டிக்கு நிற்க வேண்டியவரை, எதிர்ப்பக்கத்தில் கூடூர் போகும் வண்டியில் ஏறப் பார்த்ததாக ஒருவர் சொன்னார். அன்று தாம் பார்த்த ஆள் வேறு நிறச் சட்டை அணிந்திருந்ததாக அவரே பிறகு சொன்னார். சித்தப்பா அப்பாவின் புகைப்படத்தை எடுத்துக்கொண்டு நாயுடுப்பேட்டை, கூடூர், நெல்லூர் என்று ஒவ்வொரு நிலையமாக இறங்கி ஏறினார். கடிதம் இல்லை, உடலும் இல்லை. சைக்கிளை வீட்டுக்குக் கொண்டுவந்து, ஞாயிறுதோறும் அதற்குக் காற்று அடித்தார். ஏன் என்று ஒரு முறை கேட்டேன்.

“காத்து எறங்குது, அடிக்கிறேன்” என்றார்.

அவருக்கு வேலை சென்னையில், ஒரு பெரிய கல்வி நிறுவனத்தின் கம்ப்யூட்டர் அறையில். ஓர் அறையையே அடைத்துக்கொண்டு நின்ற இயந்திரம் அது என்று சொல்லியிருக்கிறார். ஆராய்ச்சி செய்பவர்கள் தங்கள் கணக்கைத் துளையிட்ட அட்டைகளாக்கி, கட்டாகக் கட்டிக் கொண்டுவந்து கொடுப்பார்கள். கட்டை இயந்திரத்துக்குள் செலுத்துவதும், முடிந்தால் அச்சான தாளைக் கிழித்துக் கொடுப்பதும் சித்தப்பாவின் பொறுப்பு. ஒரு நேரத்தில் ஒரு கணக்குதான் ஓடும். மற்ற கட்டுகள் வரிசையில் காத்திருக்கும்.

எழுதியவர் எங்கேனும் தவறியிருந்தால், கணக்கு முடிவுக்கு வராமல் ஒரே வட்டத்தில் சுற்றத் தொடங்கிவிடும். வெளியே நிற்பவருக்கு, நீளமான கணக்கும் சுற்றும் கணக்கும் ஒன்றுபோலவே தெரியும். விளக்குகள் மினுங்கும், அச்சு இயந்திரம் அசையாது. எதை விடுவது, எதை நிறுத்துவது என்று சித்தப்பா தீர்மானிக்க வேண்டும். அதற்கு அவரிடம் ஒரு வழி இருந்தது. இயந்திரத்தின் மேல் ஒரு சிறிய டிரான்சிஸ்டர் ரேடியோவை ஓடவிட்டு வைப்பார். கணக்கு ஓடும்போது அதில் ஓர் இரைச்சல் கேட்கும். கணக்கு மாறிக்கொண்டே போனால் இரைச்சலும் மாறும். சுற்றினால் ஒரே ஓசை திரும்பத் திரும்ப வரும். அந்த அறையில் அவர் காதுக்கு அவ்வளவு மதிப்பு இருந்ததாம். “சுத்துது சார், நிறுத்திடறேன்” என்று அவர் சொன்னால் மறுபேச்சு இல்லையாம்.

ஒரு நாள், ஓர் ஆராய்ச்சி மாணவரின் கணக்கு குறித்த நேரத்தைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. டிரான்சிஸ்டரில் ஒரே ஓசை. சித்தப்பா நிறுத்தினார். மாணவர் தம் அட்டைகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, பிழை ஏதும் இல்லை என்று மறு வாரம் அதே கட்டை மீண்டும் கொண்டுவந்தார். இம்முறை நிறுத்தாமல் விட்டார்கள். போன முறை சித்தப்பா நிறுத்திய நிமிடத்தைக் கடந்து, மேலும் நான்கு நிமிடம் ஓடி, கணக்கு முடிந்தது.

“நாலு நிமிஷம் அண்ணி” என்று அன்று வீட்டில் சொன்னார். அதற்குப் பிறகு அந்த டிரான்சிஸ்டரை அவர் தொடவில்லை. இனி நடக்கப்போவதைப் பற்றிச் சொல்லாத பழக்கம் அன்றுதான் தொடங்கியதா, அதற்கு முன்பே, நெல்லூர் வண்டிகளில் ஏறி இறங்கிய காலத்திலேயே தொடங்கியதா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

அந்த மாணவர் கோபித்துக்கொள்ளவில்லை. எந்தக் கணக்கைக் கொடுத்தாலும் அதைப் படித்துப் பார்த்து, ‘இது முடிந்து நிற்கும்’, ‘இது நிற்காமல் சுற்றும்’ என்று முன்கூட்டியே அச்சடித்துத் தரும் ஒரு புரோகிராமைத் தாமே எழுதப்போவதாகச் சொன்னார். அப்படி ஒன்று இருந்தால் சித்தப்பா யாருடைய கணக்கையும் தவறாக நிறுத்த வேண்டியிருக்காது. சித்தப்பாவுக்கு முதலில் மகிழ்ச்சி. பிறகு ஏதோ இடித்தது. இரண்டு வாரம் ரயிலில் வரும்போதும் போகும்போதும் பழைய அட்டைகளின் பின்புறத்தில் எழுதிக்கொண்டே இருந்தார். ஒரு ஞாயிறு மதியம், சாப்பாட்டின் நடுவே, “முடியாது” என்றார்.

“இன்னா முடியாது? சோறா?” என்றார் அத்தை.

“அந்தப் பையன் எழுதறேன்னு சொல்றானே, அது.” அம்மா பக்கம் திரும்பினார். “அண்ணி, அக்கா சாயங்காலம் கோயிலுக்குப் போவுமா போவாதான்னு நீங்க ஒரு சீட்டுல எழுதணும். எழுதி அக்கா கைலயே குடுத்துடணும். போவும்னு எழுதினா?”

அம்மா அத்தையைப் பார்த்தார். “போவமாட்டாங்க.”

“போவாதுன்னு எழுதினா?”

“மொத ஆளா செருப்ப மாட்டிக்கினு நிப்பாங்க.”

“இன்னாடி இது, அண்ணியும் கொழுந்தனும் சேந்துக்கினு என்னை வச்சி வெளாடறீங்க?”

“வெளாட்டு இல்லக்கா. நீ இன்னா பண்ணுவேன்னு எவன் எழுதினாலும், அதைப் படிச்சிட்டு நீ நேர்மாறாப் பண்ணுவ. மிஷின்லயும் அப்டி ஒண்ணு எழுதலாம். அந்தப் பையனோட புரோகிராமையே வயித்துக்குள்ள வச்சிக்கினு, தன்னைப் பத்தித் தானே கேக்கும். ‘நான் நிப்பனா?’ நிப்பேன்னு பதில் வந்தா நிக்காம சுத்தும். நிக்கமாட்டேன்னு வந்தா உடனே நின்னுடும். ரெண்டுல எதைச் சொன்னாலும் பொய். சிலதைப் பத்திச் சொல்லலாம், நெறையவே சொல்லலாம். எல்லாத்தையும் தப்பாம சொல்றதுன்னு ஒண்ணு மட்டும் இருக்க முடியாது.”

“எனக்குப் புடிச்சா போவேன், புடிக்கலன்னா போவமாட்டேன். உன் சீட்ட அடுப்புல போடு” என்றார் அத்தை. அன்று மாலை செருப்பை மாட்டிக்கொண்டு, விளக்கு வைக்கும்வரை வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தார்.

அந்தச் சாப்பாட்டின்போது அம்மா சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்த நாட்கள் குறைவு என்பதால் நினைவிருக்கிறது. சிரிப்பு அடங்கியதும் கேட்டார்:

“அப்ப, தெரிஞ்சிக்கவே முடியாதா தம்பி?”

“ஓட உட்டுப் பாக்கலாம் அண்ணி. நின்னுட்டா தெரிஞ்சிடும். நிக்காததுதான் தெரியாது. ஒரு நாள் பாத்தாலும், பத்து வருசம் பாத்தாலும், இதுவரைக்கும் நிக்கலன்னு தான் சொல்ல முடியும். நாளைக்கு நிக்கலாம் இல்ல?”

சொல்லி முடித்த பிறகே தாம் யாரிடம் பேசுகிறோம் என்பது அவருக்கு உறைத்தது. இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டார். அம்மா எல்லோருக்கும் ரசம் ஊற்றினார். ஒரு சொட்டும் வெளியே சிந்தவில்லை.

மறு வாரம் சித்தப்பா தம் அட்டைகளை அந்த மாணவரிடம் காட்டினார். மாணவர் தம் பேராசிரியரிடம் காட்டினார். இதை வெளிநாட்டில் எப்போதோ நிறுவிவிட்டார்கள் என்று பேராசிரியர் சொன்னாராம். சித்தப்பாவுக்கு அதில் வருத்தமில்லை. “அப்ப நான் தப்பா யோசிக்கல” என்றார். அவ்வளவுதான்.

அம்மாவின் காத்திருப்பைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் நிற்கும் வண்டிகள் சில. அவை ஒவ்வொன்றும் வந்து போன பிறகு, நிலையத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு நடந்து வர ஆகும் நேரம்வரை அம்மா முன்னறையை விட்டு நகரமாட்டார். பகலில் தெருக்கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டதில்லை. ஆர்.கே.பேட்டையில் தம் தாயார் இறந்தபோது, காலையில் போய், எடுத்த கையோடு கடைசி வண்டிக்குள் வீடு திரும்பிவிட்டார். நான் சென்னையில் கல்லூரியில் சேர்ந்தபோது முதல் நாள் என்னை அழைத்துப்போனவர் சித்தப்பாதான்; பிறகு தினமும் ரயிலில் போய் வந்தேன்.

நான் பட்டப் படிப்பின் இறுதியாண்டில் இருந்தபோது அம்மா வெளிறத் தொடங்கினார். படியேறினால் மூச்சு வாங்கியது. திருவள்ளூரில் ஒரு பெண் டாக்டரிடம் காட்டினோம். வயிற்றில் கட்டி, உதிரம் போய்க்கொண்டிருக்கிறது, சென்னையில் பத்துப் பதினைந்து நாள் தங்கி அறுவை செய்துகொள்ள வேண்டும், தள்ளிப்போட்டால் உயிருக்கு ஆபத்து என்றார். அம்மா தலையாட்டினார். வீட்டுக்கு வந்ததும், “அப்புறம் பாக்கலாம்” என்றார்.

நான்கு மாதம் அப்புறமாகவே போயிற்று. “நான் ஊட்டப் பாத்துக்க மாட்டனா?” என்று அத்தை சண்டை பிடித்தார்.

“அன்னிக்கு அவுரு கெளம்பும்போது நான் கோவத்துல வாசலுக்கு வரல. திரும்பி வரும்போதாவது நான் நிக்கணும்” என்றார் அம்மா.

“செத்துப் பூட்டா எங்கடி நிப்பே?”

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு முன்னறைக்குப் போனார். மாலை வண்டி வந்து நின்ற ஓசை கேட்டது.

காணாமற்போனவருக்குப் பன்னிரண்டு ஆண்டு காத்திருப்பது எங்கள் வழக்கம். அதற்குள் செய்தி வராவிட்டால், தருப்பைப் புல்லில் அவர் உருவைச் செய்து, கொள்ளி வைத்து, இறந்தவருக்குரிய எல்லாவற்றையும் செய்துவிடுவார்கள். அன்று அவர் மனைவி தாலியைக் கழற்ற வேண்டும். ஆண்பிள்ளை இல்லாத வீட்டில் கொள்ளி வைக்க வேண்டியவர் தம்பி. அந்த ஆண்டுதான் எங்கள் வீட்டில் பன்னிரண்டாவது ஆண்டு. அமாவாசைக்கு ஒரு வாரம் இருக்கையில் அத்தை பேச்சை எடுத்தார். ஞாயிற்றுக்கிழமை, வெயில் தாழவில்லை.

“எந்தம்பி எள்ளும் தண்ணியும் இல்லாம அலையறான். எனக்குக் கனா வருது. செஞ்சி முடிச்சிடலாம்.”

“உசுரோட இருக்கறவர எரிக்கச் சொல்றீங்களா?” என்றார் அம்மா.

“நான் தாலி அறுத்து இருந்துக்கினு தானே கீறேன்? ஆசைப்பட்டா சொல்றேன்? உன் மூஞ்சப் பாரு, சுண்ணாம்பு அடிச்ச மாதிரி கீது.”

அம்மா சித்தப்பாவைக் காட்டினார். “தம்பி சொல்லட்டும். அவுரு வரமாட்டாருன்னு தம்பி சொன்னா நான் கேட்டுக்கறேன்” என்றார்.

அது சம்மதமன்று. சித்தப்பா ஒருபோதும் அப்படிச் சொல்லமாட்டார் என்பது அம்மாவுக்குத் தெரியும். அந்த உறுதியில்தான் பொறுப்பை அவரிடம் ஒப்படைத்தார். அத்தைக்கும் அது புரிந்தது. “அவன் எங்க சொல்லப் போறான்” என்று எழுந்திருக்கப் போனார்.

“அண்ணன் இனிமே வராது அண்ணி” என்றார் சித்தப்பா.

குரலை உயர்த்தவில்லை. நான் கூடத்தின் மூலையில், மடியில் பாடப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தேன். அம்மா அவரையே பார்த்தார்.

“உனக்கு இன்னா தெரியும்?”

சித்தப்பா வாசல் பக்கம் பார்த்தார்.

“தம்பி, உனக்கு இன்னா தெரியும்? சொல்லு.”

“கேக்காதீங்க அண்ணி.”

அம்மா மேலும் கேட்கவில்லை. அன்று மாலை வண்டி வந்தபோது அவர் சமையலறையில்தான் இருந்தார்.

அமாவாசையன்று ஆண்கள் ஏரிக்கரைக்குப் போனார்கள். அங்கே நடந்ததை நான் பார்க்கவில்லை. வீட்டில் நடந்ததைப் பார்த்தேன். அத்தை, அம்மாவைக் கொல்லைப்பக்கம் அழைத்துப்போய், தம் முந்தானையாலேயே அவர் நெற்றியைத் துடைத்தார். தாலிச் சரடு கழுத்தில் இருந்த இடத்தில் தோல் வெளுத்திருந்தது. அத்தைதான் அழுதார். சித்தப்பா ஈர வேட்டியோடு திரும்பி வந்து, யாரையும் பார்க்காமல், தெருப்பக்கம் நின்று தலையைத் துவட்டினார்.

இரண்டு வாரம் கழித்து எல்லோரும் சென்னைக்குப் புறப்பட்டோம். எங்கள் வீட்டில் பூட்டு என்று ஒன்று இல்லாததால் சித்தப்பா புதிதாக வாங்கி வந்தார். அறுவை நல்லபடியாக முடிந்தது. எடுத்த கட்டியின் அளவைச் சொல்லி, இன்னும் ஒரு மாதம் தாங்கியிருக்கமாட்டார் என்றார்கள். பதினோராம் நாள் அம்மாவை வீட்டுக்கு அழைத்து வந்தோம்.

அதன் பிறகு ஒரு காலை, நிலையத்தில் சித்தப்பாவும் நானும் சற்று ஒதுங்கி நின்றிருந்தோம். அவர் பொதுப் பெட்டியிலும் நான் பெண்கள் பெட்டியிலும் ஏறுவது வழக்கம். அதற்கு முன் கேட்டுவிட வேண்டும் என்று தோன்றியது.

“அப்பாவைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?”

“ஒண்ணும் தெரியாது பாப்பா.”

“அப்ப ஏன் அப்படிச் சொன்னீங்க?”

அவர் தண்டவாளத்தைப் பார்த்தார். “மிஷின்ல ஒரு வேலையை நிறுத்தறமே, அது முடியாதுன்னு தெரிஞ்சா நிறுத்தறோம்? இல்ல. பின்னால ஒருத்தர் அட்டைக் கட்டைக் கைல வச்சிக்கினு நிக்கறாங்க. அவங்களுக்கோசரம் நிறுத்தறோம். நிறுத்தினா, முடிஞ்சிருக்குமான்னு அப்புறம் யாருக்கும் தெரியாது. அதோட தான் இருக்கணும்.”

“அப்பா வந்துட்டா?”

“வந்தா, நான் சொன்னது பொய்யின்னு ஆவும். அண்ணி உசுரோட இருப்பாங்க இல்ல?” கைப்பையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றினார். “உருவத்துக்கு உங்கப்பா சட்டை ஒண்ணைப் போத்தி வச்சிருந்தாங்க பாப்பா. நான்தான் பத்த வச்சேன்.”

வண்டி வந்தது. அவர் தம் பெட்டியை நோக்கி நடந்தார். அம்மாவிடம் சொல்லாதே என்று அவர் என்னிடம் கேட்கவில்லை. கேட்காததாலேயே நான் சொல்லவில்லை.

சில மாதங்களில் அவர் வேலை பார்த்த இடத்துக்குப் புதிய இயந்திரம் வந்தது. குறித்த நேரம் கடந்ததும் கணக்குகளை அதுவே நிறுத்திவிடும். சித்தப்பா வடக்கே தொலைவில் ஓர் ஊருக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். விடுமுறைக்கும் வரவில்லை. மாதம் ஒரு தபால் அட்டை வருகிறது. அதில் அந்த ஊரில் நடந்துவிட்டவை மட்டும் இருக்கும்.

அம்மா உடல் தேறிவிட்டார். பகலில் கதவைத் தாழிட்டுவிட்டுக் கடைக்குப் போகிறார். போன மாதம் கும்மிடிப்பூண்டியில் ஓர் உறவினர் வீட்டில் இரண்டு நாள் தங்கிவிட்டு வந்தார். அங்கிருந்து திரும்பிய அன்று கீரை ஆய்ந்துகொண்டே பேசினார்.

“உங்க சித்தப்பாவுக்கு அன்னிக்கே தெரிஞ்சிருக்குது. நெல்லூர்ல தேடப் போச்சே, அப்பவே பாத்திருக்கும். தண்டவாளத்து ஓரமா கெடத்தி, வெள்ளைத் துணி போத்தி வச்சிருப்பாங்க. நான் தாங்கமாட்டேன்னு இத்தினி வருசம் வாயே தெறக்கல.”

நான் ஒரு கீரைக் கட்டைப் பிரித்தேன்.

“பொய் சொல்ற ஆளு இல்ல அது. உங்கிட்ட சொல்லுச்சா?”

“இல்லம்மா.”

கீரைத் தண்டை ஒடித்து முறத்தில் போட்டார். அடுத்ததை எடுத்தார்.

“அது பாத்தப்போ, உங்கப்பா மொகம் நல்லா இருந்திருக்கும், இல்ல?”

“இருந்திருக்கும்மா” என்றேன்.